சரயேவோ: இஃப்தார் இல்லாத பசி

ஹிஜ்ரி 1412ஆம் ஆண்டின் ரமளான் நிறைவுற்று, 1992 ஏப்ரல் 4 அன்று போஸ்னியாவின் தலைநகரான சரயேவோவில் ஈதுப் பெருநாள் வந்தது. ‘பைராம்’ என்று அம்மக்கள் அழைக்கும் அப்பெருநாளின் தொழுகை முடிந்து, உறவினர் வீடுகளுக்குச் சென்று திரும்பிய மக்கள், நாட்டின் எல்லைப்புற ஊர்களில் நடந்த கொலைகளைப் பற்றிய செய்திகளை அச்சத்தோடு கேட்டுக்கொண்டிருந்தனர். ஆயினும் தம் நகருக்கும் அது வரும் என்று பெரும்பாலோர் நம்பவில்லை. மறுநாள், ஏப்ரல் 5 அன்று, அமைதி வேண்டி ஊர்வலம் சென்றோர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மில்யாட்ஸ்கா ஆற்றுப் பாலம் ஒன்றில் இரு பெண்கள் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் மருத்துவ மாணவி. அன்று தொடங்கிய முற்றுகை 1996 பிப்ரவரி 29 வரை, 1425 நாள்கள் நீடித்தது. தற்கால வரலாற்றில் ஒரு தலைநகர் இவ்வளவு காலம் முற்றுகையில் கிடந்ததில்லை.

அந்த 1425 நாள்களுக்குள் நான்கு ரமளான்கள் வந்து சென்றன. நோன்பாளியின் பசி எத்தகையது என்பதை நாம் அறிவோம். அதற்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவும் உண்டு. மஃரிப் பாங்கு ஒலிக்கும் என்ற உறுதியோடு நாம் பசித்திருக்கிறோம். அஸருக்குப் பின் பள்ளிவாசலில் தூக்குவாளியோடு கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு, பாத்திரம் நிரம்பும் என்பதில் ஐயமே எழுவதில்லை. முற்றுகையில் அகப்பட்ட மக்களின் பசிக்கோ அத்தகைய பாங்கு இல்லை. அது எப்போது முடியும் என்பதை மலைமேல் பீரங்கியோடு அமர்ந்திருக்கும் இன்னொரு மனிதன் தீர்மானிக்கிறான். இவ்விரு பசிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சரயேவோவின் வரலாற்றின் வழியே சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைகளின் நடுவே ஒரு நகரம்

15ஆம் நூற்றாண்டில் உஸ்மானியர் ஆட்சியில் உருவான நகரம் சரயேவோ. 1530களின் தொடக்கத்தில் எழுந்த காஸி ஹுஸ்ரவ் பெக் பள்ளிவாசலும், யூதர்களின் ஜெப ஆலயமும், கத்தோலிக்கப் பேராலயமும், ஆர்த்தடாக்ஸ் தேவாலயமும் அங்கே சில நூறு மீட்டர் தொலைவுக்குள் நிற்கின்றன. ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களின் வழித்தோன்றல்களுக்கு 16ஆம் நூற்றாண்டிலேயே இடம் அளித்த நகரம் அது. 1991ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கு வாழ்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதியினர் முஸ்லிம்கள். பத்தில் மூவர் செர்பியர். மற்றவர் குரோஷியர், யூதர் முதலானோர். ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கி, ஒருவர் வீட்டுத் திருநாளில் மற்றவர் விருந்துண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள்.

நீண்ட பள்ளத்தாக்கு ஒன்றில் ஆற்றின் இருபுறமும் நகரம் பரந்துள்ளது. சுற்றிலும் மலைகள். 1984ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளுக்கு அழகு சேர்த்த அம்மலைகளே எட்டு ஆண்டுகளுக்குப் பின் அந்நகரின் கழுத்தை நெரிக்கும் கயிறாயின. யூகோஸ்லாவியக் கூட்டரசு உடைந்தபோது, 1992 பிப்ரவரி 29, மார்ச் 1 ஆகிய நாள்களில் நடந்த பொது வாக்கெடுப்பில் போஸ்னிய மக்கள் தனிநாட்டுக்கு வாக்களித்தனர். செர்பியத் தேசியவாதிகள் அவ்வாக்கெடுப்பைப் புறக்கணித்தனர். பழைய யூகோஸ்லாவிய இராணுவத்தின் படைக்கலன்களோடு அவர்களது படை மலைகளின் மேல் நிலைகொண்டது. மே 2 அன்று நகருக்குள் வரும் சாலைகள் முற்றாக அடைக்கப்பட்டன. மின்சாரம், எரிவாயு, குடிநீர் ஆகியவற்றின் குழாய்களும் கம்பிகளும் முற்றுகையிட்டோரின் கைக்குள் இருந்தன. அவற்றைத் திறப்பதும் மூடுவதும் அவர்களது விருப்பமாயிற்று.

1991 செப்டம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை யூகோஸ்லாவியா முழுவதற்கும் ஆயுதத் தடை விதித்திருந்தது. தடை எல்லோருக்கும் பொதுவானதுதான். ஆனால் ஒரு தரப்பிடம் ஓர் இராணுவத்தின் கிடங்குகளே இருந்தன. மறுதரப்பிடம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. நடுநிலை என்ற பெயரில் எடுக்கப்படும் ஒரு முடிவு எளியவனை எவ்வாறு நிராயுதபாணியாக்கும் என்பதற்கு இது ஒரு பாடம்.

நீரும் நெருப்பும் ரொட்டியும்

முற்றுகை என்றவுடன் நம் மனத்தில் குண்டுகளின் ஓசையே எழுகிறது. குண்டுகளும் குறைவில்லை. ஒரு நாளைக்குச் சராசரியாக 300க்கும் மேற்பட்ட எறிகணைகள் விழுந்ததாக ஐ.நா. வல்லுநர் குழு கணக்கிட்டது. 1993 ஜூலை 22 அன்று மட்டும் 3,777 எறிகணைகள் விழுந்தன. ஆனால் அங்கு வாழ்ந்தோரின் நாள்களை நிரப்பியவை வேறு மூன்று கவலைகள்: தண்ணீர் எங்கே, அடுப்பு எரிக்க என்ன இருக்கிறது, இன்று சாப்பிட என்ன கிடைக்கும்.

குழாய்கள் வறண்டன. மக்கள் பிளாஸ்டிக் கேன்களைக் குழந்தைகளின் தள்ளுவண்டிகளிலும் பனிச்சறுக்குப் பலகைகளிலும் கட்டி இழுத்துக்கொண்டு நீரூற்றுகளைத் தேடி நடந்தனர். நகரின் பழைய மது ஆலை ஒன்று இயற்கை ஊற்றின் மேல் கட்டப்பட்டிருந்தது. அந்த ஊற்றே பல்லாயிரம் குடும்பங்களின் உயிரைக் காத்தது. பள்ளிவாசலில் உளூச் செய்வதற்கான நீரையும் மது ஆலையின் வாசலில் வரிசையில் நின்று பெற வேண்டிய காலம் அது. அந்த வரிசையின் மீதும் குண்டு விழுந்தது.

குளிர்காலத்தில் அங்கே வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குப் பல பாகை கீழே இறங்கும். சன்னல் கண்ணாடிகள் உடைந்துபோன வீடுகளில், ஐ.நா. அகதிகள் ஆணையம் கொடுத்த பிளாஸ்டிக் விரிப்புகளே காற்றைத் தடுத்தன. பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் நின்ற மரங்கள் வெட்டப்பட்டன. பின்னர் அவற்றின் வேர்களும் தோண்டப்பட்டன. மரம் தீர்ந்தபின் மேசை, நாற்காலி, கதவு, தேய்ந்த காலணி எனக் கிடைத்தவை யாவும் தகர அடுப்புக்குள் சென்றன. இறுதியில் நூல்களும் சென்றன. எந்த நூலை முதலில் எரிப்பது, எதைக் கடைசிவரை காப்பது என்று தந்தையும் பிள்ளைகளும் அலமாரி முன் நின்று தீர்மானிக்க வேண்டியிருந்த வீடுகளை எண்ணிப் பாருங்கள்.

உணவாகக் கிடைத்தவை மாவு, அரிசி, மக்ரோனி, பருப்பு, எண்ணெய், பால்மாவு, தகரப்பெட்டியில் அடைத்த இறைச்சி. அவையும் நிவாரண வாகனம் வந்தால்தான். காய்கறி, பழம், முட்டை, பால் ஆகியவற்றைப் பல குழந்தைகள் மாதக்கணக்கில் கண்ணால் காணவில்லை. தாய்மார்கள் காஞ்சொறி இலைகளையும் புல்வெளிக் கீரைகளையும் பறித்துச் சமைத்தனர். பால்மாவிலிருந்து பாலாடைக்கட்டி போன்ற ஒன்றைச் செய்தனர். மாடி முகப்புகளில் தொட்டி வைத்துத் தக்காளியும் வெங்காயமும் வளர்த்தனர். கள்ளச் சந்தையில் சர்க்கரையும் காப்பித்தூளும் ஜெர்மன் மார்க் நோட்டுகளுக்கு, கேட்போர் திகைக்கும் விலையில் விற்கப்பட்டன. பணத்துக்கு மதிப்பற்றுப் போனபோது சிகரெட்டே நாணயமாயிற்று. நகரின் புகையிலை ஆலை தொடர்ந்து இயங்கியது. உறை செய்யத் தாள் இல்லாமையால் அச்சிட்ட பழைய தாள்களில் சிகரெட் சுற்றித் தரப்பட்டது. ஊழியர் பலர் தம் ஊதியத்தைச் சிகரெட்டாகவே பெற்று, அதைக் கொடுத்து உணவு வாங்கினர்.

மக்கள் மெலிந்தனர். பத்துக் கிலோவும் அதற்கு மேலும் எடை இழந்தோர் ஏராளம். தாய் தன் பங்கைப் பிள்ளைக்கு ஒதுக்கிவிட்டுத் தான் உண்டதாகச் சொல்வது வீடுதோறும் நடந்தது. இந்தப் பொய்யை உலகின் எல்லாத் தாய்மாரும் அறிவர்.

வரிசையில் நிற்பதே குற்றமான காலம்

1992 மே 27 அன்று, நகரின் நடுவிலுள்ள வாஸா மிஸ்கின் தெருவில் ரொட்டி வாங்க மக்கள் வரிசையில் நின்றிருந்தனர். அவ்வரிசையின் நடுவே எறிகணைகள் விழுந்தன. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். 1993 ஜூலை 12 அன்று தோப்ரின்யா குடியிருப்பில் தண்ணீருக்கு வரிசையில் நின்றோர் மீது எறிகணை விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். 1994 பிப்ரவரி 5, சனிக்கிழமை நண்பகல். ரமளான் பிறக்க ஒரு வாரமே இருந்தது. மார்க்கலே என்னும் திறந்தவெளிச் சந்தையில், விற்பதற்கு அதிகம் ஒன்றும் இல்லாத மேசைகளைச் சுற்றி மக்கள் கூடியிருந்தனர். 120 மில்லிமீட்டர் எறிகணை ஒன்று அங்கே விழுந்தது. 68 பேர் இறந்தனர். 144 பேர் காயமடைந்தனர். அதே சந்தையின் அருகே 1995 ஆகஸ்ட் 28 அன்று மீண்டும் குண்டு விழுந்து 43 பேர் உயிரிழந்தனர். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

இவற்றில் ஓர் ஒழுங்கு இருப்பதை நாம் கவனிக்க வேண்டும். ரொட்டி வரிசை, தண்ணீர் வரிசை, சந்தை. பசி மனிதனை வீட்டைவிட்டு வெளியே இழுக்கிறது. வெளியே வந்தவனைக் குண்டு கொல்கிறது. வீட்டுக்குள் இருந்தால் பட்டினி, வெளியே வந்தால் மரணம். நகரின் முதன்மைச் சாலைக்கே ‘ஸ்னைப்பர் சாலை’ என்று பெயராயிற்று. அச்சாலையின் சந்திப்புகளில், நிறுத்தி வைத்த கொள்கலன்களின் மறைவில், ஒரு ரொட்டியை நெஞ்சோடு அணைத்தபடி முதியவர்களும் குனிந்து ஓடினர்.

குறைஷ் அத்தியாயத்தில் அல்லாஹ் அம்மக்களுக்குத் தான் செய்த பேரருட்கொடைகளாக இரண்டை நினைவூட்டுகிறான்: பசிக்கு உணவளித்ததும், அச்சத்திலிருந்து பாதுகாப்பளித்ததும். அவ்விரண்டும் ஒரே வசனத்தில் இணைந்து வருவதன் பொருளைச் சரயேவோவின் வரிசைகளில் நின்றோர் நம்மைவிட நன்கு உணர்ந்திருப்பர். முற்றுகை என்பது இறைவன் அளித்த அவ்விரு கொடைகளையும் ஒருசேரப் பறிக்கும் செயலாகும்.

உணவு இருந்தது, அனுமதி இல்லை

சரயேவோவில் வறட்சி இல்லை. விளைச்சல் பொய்க்கவில்லை. மலைக்கு அப்பால், ஒரு நாள் பயணத் தொலைவில், ஐரோப்பாவின் நிரம்பி வழியும் கடைகள் இருந்தன. உணவு இல்லாமையால் வந்த பசியன்று அது. உணவு வரும் வழி அடைக்கப்பட்டதால் வந்த பசி. பஞ்சங்களின் வரலாற்றைப் படிப்போர் இந்த வேறுபாட்டை மறக்கலாகாது. வானம் பொய்த்தால் நாம் இறைவனிடம் மழை வேண்டித் தொழுகிறோம். வழி அடைக்கப்பட்டால் அடைத்தவன் யார் என்று கேட்பதும் நம் கடமையாகிறது.

1992 ஜூன் இறுதியில் விமான நிலையம் ஐ.நா.வின் பொறுப்பில் வந்தது. ஜூலை 3 முதல் 1996 ஜனவரி 9 வரை, 12,000க்கும் மேற்பட்ட விமானப் பயணங்களில் ஏறத்தாழ 1,60,000 டன் நிவாரணப் பொருள் கொண்டுவரப்பட்டது. பெர்லின் நகருக்கு முன்பு நடந்ததைவிட நீண்ட காலம் நடந்த வான்வழி உதவி இது. அதைச் செய்தோரின் தியாகத்தையும் நாம் மறைக்கக் கூடாது. 1992 செப்டம்பர் 3 அன்று நிவாரணப் பொருள் ஏற்றிவந்த இத்தாலிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு நால்வர் உயிரிழந்தனர். இரண்டாம் உலகப் போரில் 872 நாள்கள் முற்றுகையில் கிடந்த லெனின்கிராடில், 1941ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பலருக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டியே கிடைத்தது. அங்கே லட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். சரயேவோ அந்த நிலைக்குப் போகாமல் தடுத்தது இவ்வுதவியே.

ஆயினும் இவ்வுதவியின் மறுபக்கத்தையும் அம்மக்கள் கண்டனர். சண்டை மூண்டால் விமானம் நிற்கும். தரைவழி வாகனங்கள் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் முற்றுகையிட்டோரின் அனுமதிக்குக் காத்திருக்கும். அனுமதியின் விலையாக நிவாரணத்தில் ஒரு பங்கு அவர்களுக்கே சென்றது. இரவில் விமான ஓடுபாதையைக் கடந்து தப்பிச் செல்ல முயன்ற பொதுமக்களை ஐ.நா. வீரர்கள் பிடித்துத் திருப்பி அனுப்பினர். பலர் அந்த ஓடுபாதையிலேயே சுடப்பட்டனர். உலகம் அவர்களுக்கு உணவளித்தது. ஆனால் அவர்களைச் சூழ்ந்திருந்த முற்றுகையை நீக்கவில்லை. போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின், 2007இல், நகரில் ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது. ‘இகார்’ என்னும் இறைச்சித் தகரப்பெட்டியின் பெரிய வடிவம் அது. நன்றியுள்ள சரயேவோ மக்கள் பன்னாட்டுச் சமூகத்துக்கு அளிப்பது என்று அதில் பொறித்துள்ளனர். அந்த நன்றியில் உள்ள கசப்பு விளக்கம் வேண்டாதது.

வழி அடைக்கப்பட்ட மக்கள் தாமே ஒரு வழி வெட்டினர். 1993ஆம் ஆண்டின் முதற்பாதியில், இரவு பகலாக, பெரும்பாலும் மண்வெட்டியாலும் கடப்பாரையாலும், விமான ஓடுபாதைக்கு அடியில் ஏறத்தாழ 800 மீட்டர் நீளமுள்ள சுரங்கப் பாதையைத் தோண்டினர். அகலம் ஒரு மீட்டர். உயரம் ஒரு மனிதன் நிமிர்ந்து நடக்க முடியாத அளவு. அதே ஆண்டு ஜூலை இறுதியில் அது திறக்கப்பட்டது. முழங்கால் அளவு நீரில், முதுகில் மூட்டையோடு குனிந்து நடந்தோர் மாவையும் உருளைக்கிழங்கையும் மருந்தையும் ஆயுதத்தையும் கொண்டுவந்தனர். காயமுற்றோர் அவ்வழியே வெளியே சென்றனர்.

ஒரே பானையில் வெந்த உணவு

பசியை ஆயுதமாக்குவோர் வயிற்றை மட்டும் குறிவைப்பதில்லை. ஒரு ரொட்டிக்காக அண்டை வீட்டார் ஒருவரையொருவர் வெறுக்க வேண்டும், இனங்கள் சேர்ந்து வாழ இயலாது என்பது மெய்யாக வேண்டும் என்பதே முற்றுகையிட்டோரின் எண்ணம். அதற்குச் சரயேவோ தந்த மறுமொழி பெருமைக்குரியது.

1913ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் முஸ்லிம் அறநிலையமான ‘மெர்ஹமெத்’ பொதுச் சமையற்கூடங்களை நடத்தியது. மர்ஹமத் என்னும் அரபுச் சொல்லே அதன் பெயர். இரக்கம் என்பது பொருள். 1892இல் தோன்றிய யூதர்களின் ‘லா பெனெவொலென்சியா’ அமைப்பு, போர் வருமென முன்னுணர்ந்து சேர்த்து வைத்திருந்த மருந்துகளையும் உணவையும் கொண்டு, மருந்தகங்களையும் சமையற்கூடத்தையும் எல்லா மதத்தினருக்கும் திறந்து வைத்தது. அங்கே முஸ்லிம்களும் செர்பியரும் குரோஷியரும் யூதரோடு சேர்ந்து பணிபுரிந்தனர். கத்தோலிக்கரின் காரித்தாஸும் உணவு வழங்கியது. செர்பியர் பல்லாயிரவர் முற்றுகைக்குள்ளேயே தங்கி, தம் அண்டை வீட்டாரோடு சேர்ந்து பசித்தனர். மலையிலிருந்து வந்த குண்டுகள் அவர்களையும் கொன்றன. நகரைக் காத்த படையின் தளபதிகளுள் ஒருவரான யோவான் திவ்யாக் செர்பியர் ஆவார்.

உண்மையை எழுதுவோர் இருண்ட பக்கத்தையும் எழுத வேண்டும். நகருக்குள்ளேயே பதுக்கியும் கொள்ளை விலைக்கு விற்றும் செல்வம் சேர்த்தோர் இருந்தனர். காப்பாளர் என்ற பெயரில் இயங்கிய ஓர் ஆயுதக் குழு, நகரில் எஞ்சியிருந்த செர்பியப் பொதுமக்களைப் பிடித்துச் சென்று கொன்று, கஸானி என்னும் மலைப் பிளவில் வீசியது. அக்குழுவின் தலைவனை 1993 அக்டோபரில் போஸ்னிய அரசே படை அனுப்பி ஒடுக்கியது. ஒடுக்கப்பட்ட மக்களின் தரப்பில் நடந்தது என்பதனால் கொலை நீதியாகிவிடாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை அநீதியின் பக்கம் சாய்த்துவிட வேண்டாம் என்னும் குர்ஆனின் கட்டளை, பாதிக்கப்பட்டோரை நோக்கியும் பேசுகிறது.

பசியை அறிந்த நபி

இங்கே நம் நெஞ்சம் மக்காவின் ஷிஅபு அபீதாலிப் கணவாய்க்குச் செல்வது இயல்பு. நபித்துவத்தின் ஏழாம் ஆண்டில் குறைஷியர், நபி (ஸல்) அவர்களின் குலத்தாரோடு கொடுக்கல் வாங்கலும் திருமண உறவும் கூடாதென்று உடன்படிக்கை எழுதிக் கஅபாவில் தொங்கவிட்டனர். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அக்கணவாயில் அவர்கள் அடைபட்டனர். இலைகளைத் தின்றனர். பசித்த குழந்தைகளின் அழுகுரல் கணவாய்க்கு வெளியே கேட்டது. முஸ்லிம் அல்லாத உறவினரும் அவர்களோடு சேர்ந்தே பசித்தனர். அந்த ஒதுக்கலை முறித்தவர்கள் யார்? ஹிஷாம் பின் அம்ரு, முத்இம் பின் அதீ முதலான ஐவர். அப்போது அவர்களில் ஒருவரும் இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. நாம் உண்டு உடுத்திருக்க நம் உறவினர் பட்டினியால் சாவதா என்ற மனச்சான்றின் கேள்வியே அவர்களை எழுப்பியது.

ஆண்டுகள் கடந்தன. யமாமாவின் தலைவர் ஸுமாமா பின் உஸால் (ரலி) இஸ்லாத்தை ஏற்றார். மக்காவுக்கு யமாமாவிலிருந்தே தானியம் சென்றுகொண்டிருந்தது. நபியவர்கள் அனுமதிக்கும்வரை ஒரு மணி கோதுமையும் வராது என்று அவர் குறைஷியரிடம் அறிவித்து, அதை நிறுத்தியும்விட்டார். மக்கா பசியால் வாடியது. நபியவர்களைப் பட்டினி போட்ட அதே மக்கா, அவர்களை ஊரைவிட்டு வெளியேற்றிய மக்கா, அவர்களோடு போர்நிலையில் இருந்த மக்கா. குறைஷியர் உறவைக் காட்டி நபியவர்களிடமே முறையிட்டனர். தானியத்தைத் தடுக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் ஸுமாமாவுக்குக் கட்டளையிட்டார்கள். பசியின் வலியைத் தம் வயிற்றில் அறிந்த நபி, கைக்கு எட்டிய அந்த ஆயுதத்தை ஏந்த மறுத்த நிகழ்வு இது.

பூனையைக் கட்டிவைத்த பெண்ணைப் பற்றிய நபிமொழி நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்தது. அவள் அதற்கு உணவளிக்கவுமில்லை; தானே தேடித் தின்ன அவிழ்த்து விடவுமில்லை; அதனால் தண்டனைக்குரியவளானாள். முற்றுகையின் இலக்கணமே இதுதான்: உணவும் தராமல், வெளியேறவும் விடாமல் அடைத்து வைப்பது. ஒரு பூனைக்குச் செய்ததற்கே அந்த எச்சரிக்கை எனில், ஒரு நகரத்துக்குச் செய்ததை என்னவென்பது?

சட்டம் விழித்த நாள்

மனிதச் சட்டம் இவ்விடத்துக்கு மிகத் தாமதமாகவே வந்தது. லெனின்கிராடை முற்றுகையிட்ட ஜெர்மானியத் தளபதி ஃபொன் லேப் மீதான வழக்கில், 1948இல் நியூரம்பர்க் நீதிமன்றம், முற்றுகையிட்ட நகரின் மக்களைப் பட்டினியால் பணியவைப்பதை அன்றைய போர்ச் சட்டம் தடுக்கவில்லை என்றே கூறியது. 1977ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்க்கப்பட்ட கூடுதல் நெறிமுறைகளே, பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கையாள்வதைத் தடைசெய்தன. 1998ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கை அதைப் போர்க்குற்றம் என்றது. 2018 மே 24 அன்று பாதுகாப்புச் சபை 2417ஆம் தீர்மானத்தின் வழியே அதைக் கண்டித்தது.

சரயேவோவை வதைத்தோர் சிலரேனும் நீதியின் முன் நிறுத்தப்பட்டனர். முற்றுகைப் படையின் தளபதியாயிருந்த ஸ்தானிஸ்லாவ் காலிச், பொதுமக்களை அச்சுறுத்தி வதைத்த குற்றத்துக்காக, 2006இல் மேல்முறையீட்டில் வாழ்நாள் சிறைத்தண்டனை பெற்றார். ரதோவான் கராட்ஜிச்சுக்கு 2019இலும், ராத்கோ மிலாதிச்சுக்கு 2021இலும் வாழ்நாள் சிறைத்தண்டனை உறுதியாயிற்று. தாமதமான நீதிதான். எனினும், நகரைப் பட்டினி போட்டவன் எப்போதும் தப்பிவிடுவான் என்று இனி எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நமக்கான கேள்வி

2012 ஏப்ரல் 6 அன்று, முற்றுகையின் இருபதாம் ஆண்டு நினைவாக, நகரின் முதன்மைத் தெருவில் 11,541 சிவப்பு நாற்காலிகள் வரிசையாக இடப்பட்டன. கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி. அவற்றுள் நூற்றுக்கணக்கானவை குழந்தைகளுக்கான சிறிய நாற்காலிகள். அச்சிறு நாற்காலிகளின் மேல் வழிப்போக்கர் பொம்மைகளையும் இனிப்புகளையும் வைத்துச் சென்றனர். உயிரோடிருந்தபோது கிடைக்காத இனிப்புகள்.

இனி ஒருபோதும் இல்லை என்று உலகம் அன்று சொன்னது. அதற்குப் பின் சிரியாவின் மழாயாவில் மக்கள் புல்லைத் தின்றனர். காஸாவில் மாவு மூட்டைக்காகச் சென்றோர் பிணமாகத் திரும்பினர். சூடானின் அல்ஃபாஷிரில் கால்நடைத் தீவனமே உணவாயிற்று. இவற்றுள் சில இடங்களில் முற்றுகையிட்டோரும் முற்றுகையில் கிடந்தோரும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள் என்பதை நாம் தலைகுனிந்து ஒப்புக்கொள்ள வேண்டும். நம் சகோதரர் பசிக்கும்போது மட்டும் அழுவோமாயின், நாம் ஸுமாமாவுக்குச் சென்ற அந்தக் கட்டளையைப் புரிந்துகொள்ளவில்லை. யார் பசிக்கிறார், அடைத்தவர் யார் என்று பார்த்து மாறுவதன்று நம் நீதி.

நோன்பு நமக்குக் கற்பிக்க வேண்டியது இதுவே. பசியை உணர்ந்தவன் பிறருக்கு அதைத் தரமாட்டான். பிறர் தருவதைப் பார்த்து வாளாவிருக்கவும் மாட்டான். நிவாரணத்துக்கு நாம் அனுப்பும் பொருளோடு, அடைத்த வழியைத் திறக்கச் சொல்லும் நம் குரலும் செல்ல வேண்டும்.

சரயேவோவில் ஒரு பழைய வழக்கம் போருக்குப் பின் மீண்டும் உயிர்பெற்றது. ரமளான் மாலைகளில், மஞ்சள் கொத்தளம் எனப்படும் பழைய கோட்டை மேட்டில் குடும்பங்கள் உணவோடு கூடி அமர்கின்றன. கீழே நகரம், சுற்றிலும் அதே மலைகள். மஃரிப் நேரம் வந்ததும் நோன்பு திறப்பதற்கு அறிகுறியாகப் பீரங்கி வேட்டு முழங்குகிறது. பள்ளிவாசல் மினாராக்களில் விளக்குகள் ஒளிர்கின்றன. பீரங்கியின் ஓசை கேட்டு நிலவறைக்கு ஓடிய பிள்ளைகள் இன்று பெற்றோராகி, அதே ஓசை கேட்டுத் தம் பிள்ளைகளின் கையில் பேரீச்சம்பழத்தைத் தருகின்றனர்.

அடைபட்டுக் கிடக்கும் எல்லா நகரங்களுக்கும் அத்தகைய மாலை ஒன்றை அல்லாஹ் விரைவில் அளிப்பானாக! பசியையும் அச்சத்தையும் அவர்களைவிட்டு நீக்குவானாக! ஆமீன்.